நீ வர வேண்டாம், நாகஜோதி

விருதுநகர்
12.5.2007, சனிக்கிழமை

அன்பு மருமகள் நாகஜோதிக்கு,

அத்தை முத்துமாரியம்மாள் சொல்லச் சொல்ல, உன்னோடு நர்சிங் படித்த சம்சாத் எழுதுவது. நீ நல்லபடியாகச் சென்னை போய் விடுதியில் சேர்ந்துவிட்டாய் என்று அவள் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒரு வாய் கஞ்சி இறங்கியது.

நான் இப்போது ஆஸ்பத்திரியில், சம்சாத் வேலை பார்க்கிற வார்டிலேயே படுத்திருக்கிறேன். பதறாதே. ஆளாளுக்கு உன்னிடம் ஒன்று சொல்வதற்குள் நடந்ததை நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

புதன்கிழமை உன்னைச் சம்சாத் வீட்டில் விட்டுவிட்டு வந்து, மிளகாய் வத்தல் இடித்துக்கொண்டிருந்தேன். உன் ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போன உன் புருஷன் அழகுராஜா அன்றைக்குப் பார்த்துச் சீக்கிரமே வந்துவிட்டான். குடித்திருந்தான். 'அவ எங்கம்மா?' என்றான். டூட்டிக்குப் போயிருக்கிறாள் என்றேன். 'பொய் சொல்லாத. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுட்டேன். பத்து நாளு லீவுன்னு சொல்லுதாக. மெட்ராஸுக்குப் பரீட்சை எழுதப் போறா, அதான? ரெண்டு வருசம் அங்கன உக்காந்து படிச்சிட்டு வந்து, லோடுமேன் பொண்டாட்டின்னு சொல்லிக்கிடுவாளா அவ? அன்னைக்குக் கையில போட்டதைக் கழுத்துல போட்டிருக்கணும்' என்றான்.

கையில் போட்டதைப் பற்றி நீயும் நானும் இதுவரை பேசியதே இல்லை. இப்போதாவது சொல்கிறேன். போன மாதம் வத்தல் மூட்டைக்குள் நான் ஒளித்துவைத்திருந்த உன் புத்தகங்களை அவன் கண்டுபிடித்தான். தாள் தாளாகக் கிழித்தான். அதோடு விடாமல் உன் வலது கையைத் தரையில் மிதித்துக்கொண்டு, 'இதானே எழுதுற கை?' என்று கேட்டு, அம்மிக் குழவியைத் தூக்கிப் போட்டான். நான் வாசலில் நின்று 'விடுலே, விடுலே' என்று கத்தினேனே ஒழிய, ஓர் எட்டு உள்ளே வைக்கவில்லை. அவன் அப்பா என்னை அடித்த காலத்திலும் தெருக்காரர்கள் அப்படித்தான் வாசலில் நின்றார்கள். அவர்களை நான் எத்தனை நாள் சபித்திருப்பேன்! அன்றைக்கு நானும் அவர்களில் ஒருத்தியாகிவிட்டேன்.

முறிந்த இரண்டு விரலையும் நீயே அட்டை வைத்துக் கட்டிக்கொண்டாய். மறுநாளே இடது கையால் வட்டம் வட்டமாகப் போட்டுக் கறுப்படிக்கப் பழகினாய். 'விடைக்கு நேரா வட்டத்தைக் கறுப்பாக்குனாப் போதும் அத்தை, எழுத வேண்டியதில்லை' என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாய். நீ திட்டியிருந்தால்கூட நான் தூங்கியிருப்பேன்.

அதனால் புதன்கிழமை அவன் விறகு வெட்டும் அரிவாளை எடுத்துக்கொண்டு 'டேசனுக்குப் போறேன், ரயில்ல ஏறட்டும் பாப்போம்' என்று கிளம்பியபோது, நான் கதவைச் சாத்திக் குறுக்கே நின்றேன். 'விலகும்மா' என்றான். விலகவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். இடித்த பொடி முறத்தில் கிடந்தது. இரண்டு கையாலும் அள்ளி அவன் கண்ணில் அடித்தேன்.

கண் தெரியாமல் அரிவாளை வீசினான். முதல் வெட்டு கதவில் விழுந்தது. இரண்டாவது என் வலது தோளுக்குக் கீழே. வலிக்கவில்லை தாயி, சூடாக மட்டும் இருந்தது. கை தொங்கிவிட்டது. இன்னொரு கையால் அவன் காலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்தேன். உதைத்தான். விலாவில் உதைத்தான், வயிற்றில் உதைத்தான். 'கண்ணு எரியுதும்மா, தண்ணி ஊத்தும்மா' என்று அழுதுகொண்டேதான் உதைத்தான். நான் விடவில்லை. விட்டால் ரயிலடி பத்து நிமிஷ நடைதானே.

பக்கத்து வீட்டு வள்ளித்தாய்தான் பின்கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வாசலில் நிற்கவில்லை அவள். அவளும் அவள் வீட்டுக்காரரும் கொடிக்கயிற்றால் அவனைத் தூணோடு சேர்த்துக் கட்டினார்கள். அப்போது வள்ளித்தாயிடம் நான் சொன்ன முதல் வார்த்தை, 'அவன் கண்ணக் கழுவி விடு ஆத்தா' என்பதுதான். இதை நீ தப்பாக நினைக்காதே. பெற்ற வயிறு. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் என் கொழுந்தன் காசிராஜன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். போலீஸ் வருமுன் என் காதருகே குனிந்து, 'மதினி, அருவாமனையில விழுந்துட்டேன்னு சொல்லிருங்க. பெத்த பிள்ளைய நீங்களே ஜெயில்ல வைக்கப் போறீகளா?' என்றார். ஆமாம், வைக்கத்தான் போகிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல? இன்ஸ்பெக்டரிடம் அரிவாளையும் சொன்னேன், குழவியையும் சொன்னேன், உன் விரல்களையும் சொன்னேன். அவர் எழுதி, படித்துக் காட்டினார். அழகுராஜாவை ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். நான் சொன்னது சரிதான். ஆனாலும் சோறு வரும்போதெல்லாம் அவன் சாப்பிட்டிருப்பானா என்று நினைப்பு ஓடுகிறது. அதற்கு மருந்து உன் புத்தகத்திலும் இருக்காது.

என் பக்கத்துக் கட்டிலில் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வெடி விபத்தில் முதுகெல்லாம் வெந்துவிட்டது. சம்சாத் தினமும் கட்டைப் பிரிக்கும்போது அவள் அலறுகிற அலறலில் எனக்கு என் கை மறந்துபோகிறது. தீக்காயத்துக்கான நர்சிங்கைத்தான் மேலே படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, படிக்க வேறு நல்ல பாடமே இல்லையா என்று கேட்டேன். இங்கே வந்து படுத்த பிறகுதான் விளங்குகிறது. நீ இதை நாளெல்லாம் பார்த்துவிட்டு வந்தா வீட்டில் சோறு பொங்கினாய்?

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உன் விடுதி முகவரி சம்சாத்தையும் அவள் அண்ணன் சாபிரையும் தவிர யாருக்கும் தெரியாது. பருப்பு வியாபாரமாகச் சென்னை வருகிற அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஆனால் உன் போன் நம்பர் காசிராஜனிடம் இருக்கிறது. 'அத்தை சாகக் கெடக்கா, ஒடனே பொறப்பட்டு வா' என்பார். நீ வந்தால் உன்னை உட்காரவைத்து, 'புருஷன் என் விரலை ஒன்றும் செய்யவில்லை' என்று உன்னிடம் எழுதி வாங்குவார்கள். இருபதாம் தேதிப் பரீட்சையும் போய்விடும். போனை அணைத்து வை.

நாளைக் காலையில் என்னை மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள். வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டுமாம். எங்கே வலிக்கிறது, எத்தனை பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள் என்றெல்லாம் சம்சாத் எழுதப் பார்த்தாள். கூடாது என்று சொல்லிவிட்டேன். நீ படித்தவள், இரண்டு வரியில் கண்டுபிடித்துவிடுவாய். இதற்குமேல் எழுதினால் அழுவேன் என்கிறாள் இவள். நர்சுக்கு அழுகை எதற்கு என்று திட்டினேன்.

பரீட்சையன்று காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ. நடுவில் என்னைப் பற்றி எந்தச் சேதி வந்தாலும், கடைசி வட்டத்தைக் கறுப்பாக்கித் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்திரு. அழுவதென்றாலும் அதற்குப் பிறகு அழு. இங்கே செய்ய வேண்டியதையெல்லாம் வள்ளித்தாய் பார்த்துக்கொள்வாள். நீ வந்து சேருகிறவரை எதையும் நிறுத்திவைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

மாரியாத்தா உன் பக்கத்தில் இருப்பாள். நல்லா இரு தாயி.

இப்படிக்கு,
உன் அத்தை
முத்துமாரியம்மாள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)