உப்பு ஐசுக்குள் வைத்த குப்பி

அண்ணை,

இன்று காலை கரைக்கு மீன் வாங்கப் போனேன். விற்கிறவர் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்ததும் உப்பும் மீனும் கலந்த அந்தக் குளிர் மணம் முகத்தில் அடித்தது. ஒன்றும் வாங்காமலே திரும்பிவிட்டேன். உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். நீங்கள் உயிரோடு இருந்தவரைக்கும் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களுடைய சீனி வருத்தம்தான், அந்த நீரிழிவுதான், உங்கள் மகள் ஜெசிந்தாவுக்கும் வந்திருக்கிறது. நேற்று கிளினிக்குக்கு அவளோடு நான்தான் போனேன். அங்கே டொக்டர், வெளிநாடுகளில் சோதித்துப் பார்க்கிற ஒரு சாமானின் படத்தைப் போனில் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டையான ஒரு பை. அதற்குள் இன்சுலின் சுரக்கிற உயிருள்ள கலங்கள், செல்கள் என்பார்களே, அவை. தோலுக்குக் கீழே வைத்துத் தைத்துவிடுவார்களாம். இரத்தத்தில் சீனி ஏறினால் கலங்கள் தாங்களே அறிந்து இன்சுலினை விடுமாம்.

உடம்பு அதைச் சும்மா விடுமா என்று கேட்டேன். பையின் தோல் முழுக்க நுண்ணிய துளைகள் என்றார். சீனியும் ஒட்சிசனும் உள்ளே போகும், இன்சுலின் வெளியே வரும், அந்தக் கலங்களைக் கொல்ல வருகிற உடம்பின் காவல்காரர் மட்டும் நுழைய முடியாது. எனக்கு மெய் சிலிர்த்தது. இது எங்கடை வலையல்லவோ! கிழிந்த வலையை நான் பின்னும்போது பக்கத்தில் இருந்து எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்: "வலைக் கண்ணைப் பாத்துப் பின்னு பிள்ளை. எது போகோணும், எது நிக்கோணும் எண்டு அதுதான் தீர்மானிக்கும்." கடலில் நீங்கள் போட்ட அதே யோசனையை யாரோ ஒரு மனிதர் உடம்புக்குள் போட்டிருக்கிறார். அந்தப் படத்தைக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

இங்கே எப்போது வருமென்று பொய் சொல்லமாட்டேன் என்றார் டொக்டர். ஒட்சிசன் போதாமல் உள்ளே கலங்கள் மூச்சுமுட்டிச் செத்துப்போகின்றனவாம். பையைச் சுற்றித் தழும்புபோலச் சதை வளர்ந்து துளைகளை அடைத்தும் விடுகிறதாம். ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதை ஐசிலை வைக்கோணுமோ டொக்டர்?" என்றாள்.

"இல்லைப் பிள்ளை. அது உயிரோடை இருக்கிற சாமான். உம்மடை உடம்புச் சூடுதான் அதுக்கு வேணும்."

நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் இல்லை. ஈர மணல் போட்ட மண் முட்டிக்குள்தான் உங்கள் இன்சுலின் மருந்துக் குப்பி இருக்கும். அந்தச் சித்திரை வெயிலில் மணலும் சுட்டது. நீங்கள் கடல் தொழிலால் வந்து படுத்திருந்தீர்கள். மணலைவிட ஐஸ் நல்லதுதானே என்று என் மொக்கு மூளைக்குப் பட்டது. உப்புத் தூவிய மீன் ஐசுக்குள் குப்பியைப் புதைத்தேன். எடுத்தபோது கல்லாக உறைந்திருந்தது. பயத்தில் மடியில் வைத்து உருக்கி, திரும்பவும் முட்டிக்குள் வைத்துவிட்டேன்.

நீங்கள் அதைத்தான் ஊசியில் ஏற்றினீர்கள். மூன்றாம் நாள் குடித்த தண்ணீரையும் சத்தியெடுத்து, மூச்சு வாங்க வாங்க உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மருந்தில் சத்தில்லை என்றார்கள். உறைந்தால் இன்சுலின் கெட்டுப்போகுமென்று அங்கேதான் அறிந்தேன். சுகமாகி வந்ததும் நீங்கள் மருந்துக்கடைக்காரரோடு சண்டைக்குப் போனீர்கள். பாவம், அந்த மனிசனில் ஒரு பிழையும் இல்லை. நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதன்பிறகு மருந்துக் குப்பி எதையும் நான் தொட்டதில்லை. ஜெசிந்தாவுடையதைக்கூட.

நேற்று கிளினிக் வாசலில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். வீட்டுக்கு வந்ததும் அவள் புதுக் குப்பியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மாமி, இனி இதை நீங்கள்தான் வைச்சு எடுக்கோணும்."

ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில், ஐஸ் அறைக்கு எட்டத்தில் வைத்தேன். பிறகும் இரண்டு தரம் திறந்து, உறைந்துவிட்டதோ என்று குப்பியைச் சாய்த்துப் பார்த்தேன். அந்தப் பயம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது, அண்ணை. அந்தப் பை வந்து சேருமட்டும் உங்கள் மகளுக்காக இந்தப் பயத்தை விடாமல் வைத்திருக்கிறேன்.