மூக்குத்தியைப் பிடித்தாள்

அன்புள்ள மச்சானுக்கு,

ஷார்ஜாவில் நலமா? நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எட்டு மாதப் பிள்ளையின் கண்ணில் கத்தி வைக்கக் கூடாது என்றீர்கள். ஃபாயிஸாவுக்குப் பிறவிக் கண்புரை என்பதால் நானே கையெழுத்துப் போட்டேன். இரண்டு கண்ணிலும் லென்ஸ் வைத்துவிட்டார்கள்.

இன்று காலை கட்டு அவிழ்த்ததும், "பேசாதீங்கம்மா, பாக்குறாளான்னு பாப்போம்" என்றார் டாக்டர். இதுவரை என் குரலை வைத்துத்தானே என்னைத் தேடுவாள்? மூச்சடக்கி நின்றேன். சுற்றிலும் அலைந்த அவள் பார்வை என் முகத்தில் வந்து நின்றது. எட்டி என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்!

"அக்கா, எம்புட்டு நேராப் பாக்குறா!" என்று நர்ஸ் கத்தினாள். வார்டே கைதட்டியது.

உங்கள் போட்டோவையும் காட்டினேன். கண்கொட்டாமல் பார்த்தாள். "இதுதான் உன் அத்தா" என்றேன். நீங்கள் தடுத்ததை அவளிடம் சொல்லவில்லை.

உங்கள் மகளின் அம்மா