எண்ணாமல் விட்ட சதுரம்

இன்று காலை பாடன் நகரில், நான் வேலை செய்யும் மருந்துக்கடையில், ஒரு முதியவர் முழங்கால் வலிக்கு முர்மெல் களிம்பு கேட்டார். மலையில் வளை தோண்டி வாழும் பருத்த அணிலினத்தின் கொழுப்பில் செய்த களிம்பு. மூடியைத் திறந்ததும் கற்பூரமும் கொழுப்பும் கலந்த வாசனை எழுந்தது. அவர் ஏதோ கேட்டுக்கொண்டே நின்றார். நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மலையிறங்கிக் கால் வீங்கிய நாட்களிலும் நீ அதைத் தொட்டதில்லை. "நான் எண்ணுற ஆக்களை எப்பிடியடி காலிலை பூசுறது?" என்பாய்.

பக்கத்து நகரான டீட்டிகோனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரே வாங்கில் அருகருகே இருந்து படித்தவர்கள் நாம். நீ விலங்கியல் ஆய்வுக்குப் போனாய். நான் ஐந்து கோடைகளில் என் விடுமுறையை உனக்குத் தந்தேன். மரங்கள் முடிந்து குளிர்வெளி தொடங்கும் உன் ஆய்வுச் சரிவை, வடதுருவத் தூந்திராவில் இருந்து பிய்ந்து வந்த துண்டு என்று சொல்வாய். அங்கே எவையெவை வாழ்கின்றன என்று அறிய, கயிறு கட்டிய சிறு சதுரங்களில் முழந்தாளிட்டுப் புழுக்கைகளை எண்ணுவோம். மலைமுயல், முர்மெல், மலையாடு, பனிக்கோழி. நீ பெயர் சொல்வாய், நான் எழுதுவேன்.

முதல் கோடையில் நான் அறியாமல் கேட்டேன்: இவ்வளவு குளிரிலே புல்தின்னிகள் இத்தனை வகை எப்படி?

"சாப்பாடு மட்டும் காரணமில்லை. பாறை, பள்ளம், பனி கிடக்கிற இடமெண்டு நிலம் எத்தினை விதமாக் கிடக்குதோ, அத்தினை பேருக்கு ஒதுங்க இடமிருக்கும். அதோடை ஆர் ஆரைத் தின்னுது எண்டும் பாக்கவேணும்."

மூன்றாவது கோடையில் சரிவு முன்னைவிடப் பச்சையாக இருந்தது. புதர்கள் மேலே ஏறியிருந்தன. எனக்கு மகிழ்ச்சி, உனக்கு இல்லை. அந்த உயரத்தில் நாம் முன்பு காணாத செம்மானின் புழுக்கை சதுரத்துக்குச் சதுரம் கிடந்தது. அதன் பின்னால் நரியின் தடங்களும் வந்திருந்தன. தாளில் முயலின் கட்டத்தில் நான் எழுத ஒன்றுமில்லை.

"புல்லுக் கூடினா எல்லாரும் பெருகுவினம் எண்டுதான் நானும் நினைச்சனான்," என்றாய். "பெரிசுகள் வந்து இடத்தைப் பிடிக்குதுகள். மேலை போர்வை மாதிரிக் கிடக்கிற பனி மெலிஞ்சா முர்மெலின்ரை வளைக்குள்ளை குளிர் இறங்கும். ஒண்டொண்டா அதுகள் இல்லாமப் போகும். ஆருக்கும் தெரியவும் வராது."

கடைசிக் கோடையில் நாம் மேலே போனபோது சரிவில் சத்தமே இல்லை. ஆளைக் கண்டதும் முர்மெல்கள் அடிக்கும் விசில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு மேய்ப்பர் தன் ஆடுகளை இறக்கிக்கொண்டு எதிரே வந்தார். உறைந்த நிலம் இளகுகிறது, மேலே பாறை பிளந்து நிற்கிறது, நேரத்தோடு திரும்புங்கள் என்றார். நீ மேலே நிமிர்ந்து பார்த்தாய், மதியத்தோடு இறங்கிவிடலாம் என்றாய்.

மதியத்துக்குள் ஒரு சதுரம்தான் மிச்சம். மேலிருந்து சின்னக் கற்கள் உருளத் தொடங்கின. நீ பையைத் தோளில் போட்டாய்.

"இவ்வளவும் காணும், வா போவம்."

நான்தான் சொன்னேன்: "ஒண்டுதானே. முடிச்சிட்டுப் போவம்."

நீ என்னைப் பார்த்தாய், பிறகு சிரித்தாய். "சரி, நீ இதிலை நில்லு. நான் ஓடிப்போய்ட்டு வாறன்."

பாறை விழுந்த சத்தம் எனக்கு நினைவில்லை. எழுந்த தூசிதான் நினைவிருக்கிறது. அது அடங்கும்வரை உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே நின்றேன். அடங்கியபோது அந்தச் சதுரம் இல்லை, அது இருந்த நிலமும் இல்லை. ஹெலிகொப்டர் உன்னைக் கொண்டுவந்தபோது மாலை வெயில் இன்னும் இருந்தது.

செத்தவீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக் கேட்டார்: "பிள்ளை, என்ரை மகள் அங்கை என்னத்தை எண்ணினவள்?"

"ஆரார் இன்னும் உயிரோடை இருக்கினம் எண்டு, அன்ரி."

அதற்கு மேல் சொல்ல எனக்குத் துணிவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போய், திரும்புவோம் என்று நீ சொன்னதையும் நான் மறித்ததையும் சொன்னேன். அவர் எழுந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "அவள் ஒருத்தற்றை சொல்லும் கேக்கிற பிள்ளையில்லை," என்றார். அதை அவர் நம்பிச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை.

இந்தக் கோடையில் பல்கலைக்கழகத்து உன் ஆய்வுக் குழு எதிர்ச்சரிவில் எண்ணத் தொடங்கியது. நானும் போனேன். இப்போது புழுக்கையைப் பார்த்துப் பெயர் சொல்பவள் நான். நான்கு நாளில் சொன்னதெல்லாம் செம்மான், செம்மான், ஓரிடத்தில் மலையாடு. இறங்கும்முன் பழைய சரிவின் கணக்கை மூடவேண்டும் என்றார்கள். உன் கடைசிச் சதுரத்துக்குப் பூச்சியம் போடலாமா என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்றேன். அங்கே ஒன்றுமில்லை என்று பார்த்துச் சொன்னவர் யாருமில்லை. அந்த வரியை வெறுமையாக விடச் சொன்னேன். அந்தத் தாளின் பிரதி என் பையில் இருக்கிறது. வருகிற கோடையிலும் போவேன். எண்ணுவதற்கு எத்தனை வகை மிஞ்சியிருக்குமோ தெரியாது.