அது நெற்றி அல்ல, மூக்கு

பாய், நீங்கள் இடம் பார்த்து நிறுத்திய வெந்நீர் மெஷினைச் சுற்றி மண்டபக் கமிட்டியார் மூன்று பக்கமும் சுவர் எழுப்பி, மேலே தகரம் போட்டு, முன்சுவரில் கம்பிக் கதவு வைத்து அடைத்தார்கள். அடைத்த பிறகு தண்ணீர் சுடவில்லை என்றதும் உங்கள் கடைக்கே போய், உங்கள் மகள் எதிரில், "பாய் வாங்கிக் குடுத்ததே தப்பு" என்று சொன்னார்கள். நடந்த அநியாயம் இதுதான். நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

இன்று காலை என் ஸ்பேனர் பெட்டியின் அடியில் உங்கள் பிரஷ் கிடைத்தது. பெயின்ட் அடிக்கிற இரண்டங்குலப் பிரஷ். முடிகளுக்கு நடுவே காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், வாசனை போய்விட்டது. சிரிப்பு மட்டும் வந்தது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் குளிக்க, அதுவரை விறகு எரித்து டிரம்மில்தான் வெந்நீர் போட்டோம். விடிவதற்குள் மணப்பெண் அறைவரை புகை போகும். உத்திரமேரூர் பஜாரில் பைப்பும் மோட்டாரும் விற்ற நீங்கள்தான் ஹீட் பம்ப் என்ற பேச்சை எடுத்தீர்கள். வெளியே நிற்கும், காற்றில் இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் என்றீர்கள். கமிட்டியில் யாருக்கும் நம்பிக்கையில்லை. எனக்கும் இல்லை. ஆனாலும் கிணற்று மோட்டார்களைத் தானே பிரித்துத் தானே பூட்டிக் கற்றுக்கொண்டவன் என்பதால், உங்களோடு கூட நிற்க என்னை அனுப்பினார்கள்.

வண்டிக்காரன் மெஷினைப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்தான். நிமிர்த்தி வைத்துவிட்டு, இன்று ஸ்விட்ச் போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள். மண்டபச் செயலாளர், என் மனைவியின் தம்பி, குதித்தான்.

"நாளன்னிக்கு நிச்சயதார்த்தம் கீது பாய். வாங்கியாந்து சும்மா நிக்க வெக்கவா?"

"வண்டியில உருண்டு வந்த ஆள எறங்கினதும் நாத்து நடச் சொல்லுவீங்களா? உள்ள எண்ணெ கீழ எறங்கணும். ஒரு நாளு உக்கார உடுங்க."

மெஷின் வருவதற்கு முன்பே இடத்துக்காக நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? வேப்பமரத்தடியில் வைக்க வேண்டும், வெயில் படாது என்றேன். சருகு போய் அடைக்கும், அதுவுமில்லாமல் இதற்கு நிழல் தேவையில்லை, காற்றுதான் தேவை என்றீர்கள். கொல்லைப்புறத்தில், மண்டபத்துப் பின்சுவரிலிருந்து இரண்டு கையையும் விரித்த அளவு, ஒரு பாகம் தள்ளி, முன்னால் வயல் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் மேடை கட்ட வைத்தீர்கள். நான்கு நாள் உங்களோடு பேசவில்லை. வேலைக்கு மட்டும் தவறாமல் வந்தேன். "ரப்பர் கட்டை நாலும் மட்டமா கீதான்னு கேளு" என்று மண்டப வாட்ச்மேனிடம் சொல்வேன். அவர் திரும்பி உங்களிடம் சொல்வார். மூன்று பேரும் ஒரே மேடையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றோம்.

ஓட விட்ட நாளில் முதலில் தொட்டியை நிரப்பினீர்கள். குழாயில் இருந்த காற்றெல்லாம் துப்பித் தீரும்வரை வால்வைத் திறந்து வைத்தீர்கள். அதன் பிறகுதான் ஸ்விட்ச். விசிறி சுற்றியது. என் கையைப் பிடித்து முன்னால் காட்டினீர்கள், ஜில்லென்று காற்று. அதே கையைக் குழாய்மேல் வைத்தீர்கள், சுட்டது. "இங்க இருந்து எடுத்து அங்க குடுக்குது அண்ணே. அவ்ளோதான்." எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. தெரிந்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஊரில் உள்ள டிராக்டர், மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்ததுபோல இதற்கும் வைத்தேன். பின்பக்கம் வரிசையாக இருந்த மெல்லிய அலுமினியத் தகடுகள் எனக்கு அகலமான நெற்றியாகத் தெரிந்தன. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மூன்று விரலால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள், பொரி கடலை வாங்கிக்கொண்டீர்கள். மறுநாள் விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரும் இந்த பிரஷுமாக வந்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகடு வளையாமல் மேலிருந்து கீழாகக் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

"நெத்தின்னு நெனச்சிக்கினீங்களா அண்ணே? அது மூக்கு. மூக்குல சந்தனத்த அடச்சா எப்டி மூச்சு உடும்?"

"சாமி காரியத்த நேத்தே சொல்லக் கூடாதா?"

"நேத்து நீங்க சாமி கும்புட்டுக்கினு இருந்தீங்க. இன்னிக்கு மெஷின் ஒங்களக் கும்புடுது."

அந்த பிரஷைப் பிடுங்கி மீதியை நான் கழுவினேன். அப்படித்தான் இது என் பெட்டிக்கு வந்தது.

இந்த ஐப்பசியில் கண் ஆபரேஷன் முடிந்து தை வரை ஏனாத்தூரில் மகள் வீட்டில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் கொட்டகை எழும்பிவிட்டது. மழையில் நனையுதாம், விலையுயர்ந்த பொருளாம். வெளிக்காற்றின் சூட்டை வேண்டுமளவு குடிக்க விட்டிருந்த மெஷினை அறையில் பூட்டினால் என்ன ஆகும்? தான் ஊதிய குளிர்க் காற்றையே திரும்ப இழுத்தது. தை மாதக் கல்யாணம் ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். மறுவாரம் கமிட்டி கூடி, மெஷினைக் கழற்றிவிட்டுப் பழைய டிரம்மையே வைப்பது என்று முடிவு செய்தது. அது போனால் உங்கள்மேல் விழுந்த பேச்சு நிலைத்துவிடும்.

செயலாளரைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தால் மல்லிகை வாசனை. வாட்ச்மேன் கல்யாண மாலைகளையும் பூக்கூடைகளையும் மெஷினைச் சுற்றி அடுக்கி வைத்திருந்தார்.

"இன்னாய்யா இது?"

"வாடாம கீது நைனா. பூக்காரம்மாகூட இங்கதான் வெக்கச் சொல்லுது. ஐஸ்பெட்டி தோத்துச்சு."

பின்பக்கத் தகடுகளில் இதழ்கள் அப்பிக்கொண்டிருந்தன. என் மைத்துனனை உள்ளே நிறுத்தி வைத்தேன்.

"குளுருதா?"

"நல்லா ஜில்லுனு கீது மாமா."

"இந்தக் குளிரு வயலுக்குப் போவ வேண்டியது. நீ பூட்டி வெச்சிக்கினு, வெந்நி வர்லன்னு பாய் பேர இழுக்கற."

"நீ சும்மா பேஜார் பண்ணாத மாமா. தகரத்தப் பிரிச்சும் சுடலன்னா?"

"நானே டிரம்முக்கு வெறகு வெட்டறேன்."

அன்றே ஏணி போட்டேன். இந்த வயதில் ஏறக் கூடாது என்று கீழே நின்று கத்தினான். ஏணியையும் அவன்தான் பிடித்துக்கொண்டான். தகரத்தைப் பிரித்தோம், கம்பிக் கதவைக் கழற்றினோம், முன்சுவரை இடித்தோம். பூவிதழ்களைக் கழுவினேன். அடுத்த முகூர்த்தத்தன்று காலை, செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர் குளியலறைக் கதவை இடுக்காகத் திறந்து, "யாருப்பா அங்க, கொதிக்குது, கொஞ்சம் பச்சத் தண்ணி வெளாவிக் குடு" என்றார். அதைவிட இனிமையான குறையை நான் கேட்டதில்லை.

மைத்துனன் தலையைச் சொறிந்தான். "பாய் இருந்தா அப்பவே சொல்லியிருப்பாரு மாமா."

"இருந்தப்பவே சொன்னாரு. ஒங்க யாருக்கும் காது இல்ல."

அதைச் சொன்ன பிறகு எனக்கே உறைத்தது. நீங்கள் சொன்னது சரி என்று உங்கள் முகத்துக்கு நேரே நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

இனி நடக்க வேண்டியது இது. மீதியிருக்கும் பக்கச் சுவர் இரண்டையும் பங்குனிக் கல்யாணங்களுக்கு முன் கமிட்டி இடிக்க வேண்டும். வாட்ச்மேன் பூக்கூடைகளை மணமேடைப் பின்னறைக்கு மாற்ற வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை குழாய் வடிகட்டியைக் கழற்றி மண்ணைத் தட்ட வேண்டும். செயலாளர் உங்கள் கடைக்குப் போய், எந்த இடத்தில் நின்று தப்பு என்று சொன்னானோ அதே இடத்தில் நின்று, உங்கள் மகளிடம் சரி என்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைவரை பார்ப்பேன். போகாவிட்டால் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். அவன் சொல்லி முடித்ததும் அடுத்த ஆளாக நானும் சொல்ல வேண்டும்.

தகடுகளைக் கழுவ வேண்டியது நான், உங்கள் பிரஷால். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பதும் நான்தான். தொட்டியின் வயிற்றில் வைப்பேன், பாய். மூக்கில் இல்லை.