அக்காவின் கால் மணி நேரம்

மார்ச் 3

எங்கள் பட்டறையின் பழைய சாய மெஷினில் மெக்கானிக் இன்று கை வைத்தார். ஒரு மணி நேர வேலை என்றார். அவருடைய ஒரு மணி நேரம் எனக்குத் தெரியாததா?

மார்ச் 4

எதிர்பார்த்தபடியே மெஷின் அக்கக்காகக் கிடக்கிறது. மூடியைத் திறந்ததும் வந்த வாடை என்னைப் பதினொரு வருஷம் பின்னால் தள்ளிவிட்டது. அக்காவும் நானும் இதே கொட்டகையில் சேர்ந்து வேலை பார்த்த காலம். குளிர் நாட்களில் உலர்த்தும் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்று டீ குடிப்போம். "இந்த டீ எண்பது டிகிரி, அந்தத் தொட்டித் தண்ணி வெறும் அம்பது" என்று ஒருநாள் அளந்தேன். "அப்ப இந்த டீயை ஊத்திக் குளி. குளிர் போகுதான்னு பாக்கலாம்" என்றாள்.

சூடு எத்தனை டிகிரி என்பது வேறு, மொத்த வெப்பம் எவ்வளவு என்பது வேறு. டிப்ளமோவில் எனக்கு ஒரு வாரம் பிடித்த பாடம்! சிரித்துச் சிரித்துப் புரையேறியது நினைவிருக்கிறது.

மார்ச் 5

மெக்கானிக் கூப்பிட்டுக் காட்டினார். சூட்டை அளக்கும் மீட்டரின் குழாய், உள்ளே நீராவிக் குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"இது நீராவிச் சூட்டைத்தான் காட்டிருக்கு. மீட்டர்ல நூத்தி முப்பதுன்னா, தண்ணி நூத்தி இருபதுகூட வந்திருக்காது சார்."

"எப்பலேர்ந்து?"

"மாட்டினப்பவே வளைச்சு மாட்டிருக்காங்க."

மாட்டினப்பவே.



மார்ச் 6

எழுதித்தான் ஆகவேண்டும். அந்த நீல லாட், ஒரே தடவையில் சாயமேற்றிய துணி முழுக்க.

பாலியஸ்டர் துணி சாயத்தைக் குடிக்க நூற்று முப்பது டிகிரியில் முக்கால் மணி நேரம் வேண்டும். அன்று மீட்டர் நூற்று முப்பது காட்டி முக்கால் மணி முடிந்தது. "இன்னும் கால் மணி விடுடா, துணிக்குச் சூடு ஏறல" என்றாள் அக்கா. "மீட்டர் பொய் சொல்லுமா?" என்று நான் தண்ணீரை வடிக்கும் வால்வைத் திறந்துவிட்டேன். துணி வெளிறி வந்தது. நீதான் சாயத்தை எடை குறைத்துப் போட்டாய் என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனவள்தான். அதோடு பேச்சு நின்றது.

இன்று பழைய லாக் புத்தகங்களைப் புரட்டினேன். அவள் ஓட்டிய ஒவ்வொரு லாட்டிலும் முக்கால் மணிக்குப் பதில் ஒரு மணி. சூடு குறைந்தால் நேரம் கூடவேண்டும் — மீட்டரைப் பார்க்காமல் துணியைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறாள். அவள் போனபிறகு எல்லா நிறங்களும் வெளிறின. நான் என்ன செய்தேன்? சாயத்தைக் கூட்டினேன். பதினொரு வருஷமாய்க் கூட்டினேன். ஏன்னு ஒரு நாளாவது யோசிச்சியாடா? படிச்ச முட்டாள்!

மார்ச் 7

போனை எடுத்தேன். வைத்தேன்.

மார்ச் 8

"போன்ல சொல்ற விஷயமா இது? நேர்ல போங்க" என்றாள் மனைவி.

மார்ச் 10

போனேன். அக்கா இப்போது சலவைக்கடை நடத்துகிறாள். முன்முடி நரைத்துவிட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், கழற்றிய மீட்டர் குழாயை இஸ்திரி மேஜைமேல் வைத்தேன்.

"மீட்டர்தான் தப்புக்கா. நீ எடை சரியாத்தான் போட்ட."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்."

"மன்னிச்சிடுக்கா."

ஒரு சட்டையை முழுக்கத் தேய்த்து மடித்தாள். "கத்துனது ஊரே கேக்க. மன்னிப்புக்கு மட்டும் தனியா வந்திருக்க."



மார்ச் 12

இன்று எல்லோரையும் மெஷின் முன்னால் நிற்கவைத்துச் சொன்னேன். அன்று இருந்தவர்களில் நான்கு பேர் இன்னும் இருக்கிறார்கள். தப்பு மீட்டரோடது, என்னோடது; அக்காவோடது இல்லை என்றேன். "உங்கக்காட்ட நானே போய்ச் சொல்றேன்" என்றார் சாயம் கலக்குபவர்.

மார்ச் 19

புது மீட்டரில் முதல் லாட். அதே நீலம். சரியாக நூற்று முப்பது, சரியாக முக்கால் மணி. வால்வில் கை வைத்தேன்.

"இன்னும் கால் மணி விடுடா."

வாசலில் அக்கா.

புது மீட்டருக்கு அது தேவையே இல்லை. அவளுக்கும் தெரியும். கையை எடுத்துவிட்டு இரண்டு டீ சொன்னேன். உலர்த்தும் மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தோம்.