மழைக்கு ஒரு ஸ்கிரிப்ட்

செவ்வாய், நவம்பர் 4

மேகமூட்டம். மழை இல்லை. ஸ்டெல்லாவுக்குக் கணுக்கால் முறிந்ததிலிருந்து மொட்டைமாடி மழைமானியைப் பார்க்க ஆளில்லை. வருஷக்கணக்காகத் தினம் காலை மழையை அளந்து, மழை பார்க்கும் குழுவின் இணையப் படிவத்தில் ஏற்றி வந்தவள். "ஏங்க, நீங்களாவது போய்ப் பாருங்களேன்" என்கிறாள். எனக்கு ரயிலுக்கே நேரம் சரி. வேறு வழி யோசிக்க வேண்டும்.

வாங்க: வலி மாத்திரை, கொசுவர்த்தி, கறிவேப்பிலை.

வியாழன், நவ. 6

சென்சார் வைத்த மழைமானி வந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் பாபு மாடியில் பொருத்தினார். "இன்னா சார், மழைக்கு மீட்டரா? இங்க ஆட்டோக்காரனே மீட்டர் போட மாட்றான்!"

சாயங்காலம் ஸ்கிரிப்ட் எழுதினேன். தினம் காலையில் அதுவே படிவத்தைத் திறக்கும். தேதி, இடம், மழை அளவு நிரப்பும். அனுப்பும் பட்டனையும் அழுத்தும். கடைசிக் கட்டம் 'இதர குறிப்பு'. காலியாக விட்டால் படிவம் ஏற்கவில்லை. 'இல்லை' என்று போடவைத்தேன்.

வெள்ளி, நவ. 7

விடியலில் மழை. மடிக்கணினியில் கட்டங்கள் தாமாக நிரம்பின. ஆளில்லாத மாதா கோவிலில் பியானோ கட்டைகள் அமுங்குவது போல. வெளியே வேப்பமரம், ஈரம், தூரத்தில் ரயில் ஊதல். பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

ஸ்டெல்லா கட்டிலில் சாய்ந்தபடி பார்த்தாள். "நல்லா இருக்குங்க" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "அப்ப என் வேலை முடிஞ்சுது."

சும்மா சொல்கிறாள் என்று நினைத்தேன். காபியை ஆறவிட்டாள்.

திங்கள், நவ. 10

நசநசவென்று தூறல். ஸ்டெல்லா இரண்டு நாளாகப் பேச்சு குறைவு. கால் வலியா என்றால் இல்லை என்கிறாள்.

இன்று எனக்கு லீவு. மதியம் அவள் போனுக்கு அழைப்பு. தூங்கிக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். மழைக் குழுவில் கணக்கு தொகுக்கும் பெண், மடிப்பாக்கத்திலிருந்து.

"சார், மேடம் நல்லா இருக்காங்களா? குறிப்புல தினம் 'இல்லை'ன்னே வருது."

"அளவு தப்பா வருதாம்மா?"

"அளவு கரெக்ட் சார். நாங்க காலைல முதல்ல படிக்கிறதே அவங்க குறிப்பைத்தான். போன வருஷம் ஒரு நாள், 'மழை ரயில்ல வந்துச்சு, தாம்பரம் வராம முந்தின ஸ்டேஷன் சானடோரியத்துலயே இறங்கிடுச்சு'ன்னு எழுதினாங்க. அன்னிக்கு முழுக்க சிரிச்சோம்."

ஸ்டெல்லா மில்லிமீட்டர் மட்டும்தான் அனுப்புகிறாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவள் எழுந்ததும் கேட்டேன். "என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கலையே."

சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

செவ்வாய், நவ. 11

நல்ல மழை. ஸ்கிரிப்ட்டை மாற்றிவிட்டேன். மற்றதை நிரப்பிவிட்டு, கடைசிக் கட்டத்தில் நின்று காத்திருக்கும். மடிக்கணினியை அவள் மடியில் வைத்தேன்.

"எவ்ளோ நேரம் காத்திருக்கும்?"

"நீ எழுதுற வரைக்கும்."

உடனே எழுதவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். மதில்மேல் விழும் துளிக்கு ஒரு சத்தம், வாழையிலைமேல் வேறு சத்தம். என்னைக் கேட்காமலே என் தோளில் சாய்ந்தாள். பிறகு மெதுவாகத் தட்டினாள். எட்டிப் பார்த்தேன். திரையை மறைத்துக்கொண்டாள்.

ஆபீஸ் போகும் ரயிலில், பல்லாவரம் தாண்டியதும் போனில் குழுவின் பக்கத்தைத் திறந்தேன். இன்றைய பதிவு, எங்கள் தெரு.

இதர குறிப்பு: கொடியில் துணி எல்லாம் நனைந்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எடுக்கவில்லை.