காற்று அடங்கும்வரை அம்மா

நவம்பர் 14

இல்லை, இன்னும் எடுக்கவில்லை. காலையில் இறந்த அம்மா கூடத்தில்தான் இருக்கிறாள், வாடகைக் குளிர்பெட்டிக்குள். மஸ்கட்டிலிருந்து அண்ணன் வந்து கொள்ளி வைக்க வேண்டும். அப்பாதான் அவனோடு பேசினார், போனைக் கொல்லைப்பக்கம் எடுத்துப்போய். நாளை மறுநாள் வந்துவிடுவானாம்.

நாளை புயல் என்கிறார்கள்.

பெட்டியோடு ஜெனரேட்டரும் கொண்டுவந்த இர்பான், சொல்லலாமா கூடாதா என்று தயங்கி நின்றார். "ஐயா, ஒரத்தநாட்டுலேர்ந்து கிழக்க எல்லாம் அடி வாங்கும்கிறாங்க. கரண்ட் போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. இன்னிக்கே எடுத்துட்டா நல்லது."

"புள்ள வரட்டும்" என்றார் அப்பா.

நவம்பர் 15

மதியமே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டர் மாட்டுக்கொட்டகையில் ஓடுகிறது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் அழ வரவில்லை.

அத்தை என் காதருகே கத்தினாள்: "ஒங்கப்பன் புடிச்ச புடி! உசுரோட இருக்கறப்ப ஒருநாள் அவ சொன்னதக் கேட்டிருப்பானா?" பிறகு அவளே பெட்டியின் கண்ணாடியில் படிந்த பனியை முந்தானையால் துடைத்தாள்.

நெற்றியில் ஒரு ரூபாய் நாணயம். அம்மாவுக்கு அது பொருந்தவே இல்லை.

நவம்பர் 16

கொட்டகை போய்விட்டது. முழுக்க.

ஜெனரேட்டர் நனைந்து நின்றதும் பெட்டியை வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டினோம். விளக்கு, மின்விசிறி, எல்லாவற்றையும் அணைத்தோம். இருக்கிற கரண்ட் முழுவதும் அவளுக்கு. அப்பா பெட்டிமேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கதவு அதிரும்போதெல்லாம் ஏதோ முணுமுணுத்தார். மந்திரம் என்று நினைத்தேன்.

இல்லை. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

எனக்கா சொன்னார்?

விடிந்து பார்த்தால் தெருவில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. சம்பாப் பயிர் தண்ணீருக்கடியில். அண்ணன் எந்த வழியாக வருவான்?

அதே நாள், மாலை

ஜெனரேட்டரைத் துடைத்துக் காயவைத்து அப்பா ஓட்டிவிட்டார். சத்தம் கேட்டு எதிர்வீட்டு ராசம்மாள் வந்தார், போனை முந்தானைக்குள் மறைத்தபடி.

"இழவு வீட்டுல கேக்கக் கூடாதுதான்..."

"சார்ஜ் போட்டுக்கங்க. அவ இருந்தா காபியும் குடுத்துருப்பா" என்றார் அப்பா.

இப்போது பெட்டியின் காலடியில் ஏழெட்டு போன்கள். என்னுடையதும். தெருவே அம்மாவிடம் கரண்ட் வாங்கிக்கொள்கிறது. சிரித்தேன். நிறுத்த முடியவில்லை — அது சிரிப்பில்லை.

நவம்பர் 17

வாய்க்கால் பாலத்தில் சிக்னல் கிடைக்கிறது என்றார்கள். போனேன். அண்ணன் எடுத்தான்.

"எங்கண்ணே இருக்க? திருச்சி வந்துட்டியா?"

"என்ன பாப்பா சொல்ற? விசா புதுப்பிக்க பாஸ்போர்ட்டக் குடுத்திருக்கேன், வர முடியாது, எடுத்துடுங்கன்னு அன்னிக்கே அப்பாகிட்ட அழுதேனே. இன்னும் எடுக்கலயா?"

எப்படித் திரும்பி நடந்தேன், தெரியவில்லை. கூடத்தில் அத்தனை பேர் முன்னால் கத்தினேன். ஏம்ப்பா பொய் சொன்னீங்க? யாருக்காக இதெல்லாம்?

அவர் பெட்டியைவிட்டு எழவில்லை.

"காத்துன்னா அவளுக்கு பயம் பாப்பா. கல்யாணமாகி வந்த வருஷத்துலேர்ந்து. அன்னிக்கே கொண்டுபோயிருந்தா அந்தக் காத்துல அவ வெளியில கெடந்திருப்பா. புள்ளைக்காகன்னு சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. பொண்டாட்டிக்காகன்னு சொன்னா சிரிப்பாங்க. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காத்து நின்னுடுச்சுப்பா" என்றேன். தலையாட்டினார். ஜெனரேட்டரை நான்தான் அணைத்தேன்.

யார் கொள்ளி வைப்பது என்று யாரோ ஆரம்பித்தார்கள். "பாப்பா வைக்கட்டும்" என்றார் அப்பா. விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி எடுத்துப்போனோம். வைத்தேன்.

நவம்பர் 18

காலையில் பால் தெளித்துவிட்டு வந்தோம். கரண்ட் இல்லை. இர்பான் பெட்டியை எடுத்துப்போனதும் கூடத்தைக் கழுவினேன். அந்த இடத்திலேயே படுக்க வேண்டும் என்றார் அப்பா. பாய் விரித்துக் கொடுத்தேன்.